தோட்டத்துப் பாலும் அடுப்படிப் பாலும்

மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வேதியியல் பாடம் கைப்பழக்கமாகவே தெரியும். இருட்டோடு பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்று, வெயில் ஏறுவதற்குள் மரத்தில் பால் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குத் தூக்கி வருவார்கள். கிராணி (தோட்டக் கணக்கர்) நிறுத்துக் கணக்கெழுதியதும் பால் தொட்டிக்குப் போகும். தண்ணீர் கலந்து, ஆசிட்டை அளவாக ஊற்றிக் கலக்கி விட்டால் சில மணி நேரத்தில் தொட்டிப் பால் முழுதும் கட்டிவிடும். அதை உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தண்ணீரைப் பிழிந்து, புகைக்கூண்டில் தொங்கவிட்டால் ஷீட்டு தயார். ஆசிட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, காத்திருக்க வேண்டிய நேரம் எவ்வளவு என்பதையெல்லாம் பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காத கைகள் துல்லியமாக அறிந்திருந்தன. அதை அறிவியல் என்று பெயர் சொல்லி மதித்தவர்கள் மிகக் குறைவு.

அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் பக்கத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் ஸ்டோரில் நடந்த அதே பாடத்தை நான்கு வயதுப் பிள்ளையோடு அடுப்படியில் நடத்தலாம். அரை லிட்டர் பசும்பாலும் ஓர் எலுமிச்சம்பழமும் போதும்.

பாலைக் காய்ச்சுவது பெரியவர் வேலை. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். எலுமிச்சம்பழத்தைக் கிண்ணத்தில் பிழிவதும், விதையைப் பொறுக்குவதும், சாற்றைக் கரண்டி கரண்டியாகப் பாலில் விடுவதும் பிள்ளையின் வேலை. முதல் கரண்டி விழுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: "என்ன ஆகும்னு நினைக்கிறே?" பதில் எதுவானாலும் திருத்த வேண்டாம். "ஜூஸ் ஆகும்" என்று சொன்னால் சரி, பார்ப்போம். முதல் கரண்டியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த கரண்டிகளில் பாலின் வெண்மை உடைந்து, பஞ்சுப் பஞ்சாகக் கட்டிகள் ஒருபக்கமும் பச்சை கலந்த மஞ்சள் நீர் ஒருபக்கமுமாகப் பிரியும். துணியில் வடிகட்டினால் பன்னீர். கொஞ்சம் சீனி தூவிச் சாப்பிட்டுவிடலாம்.

என்ன நடந்தது? பாலில் கேசின் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக மிதக்கிறது. ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும் என்பதால், துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே நிற்கின்றன. அமிலம் விழும்போது அந்த மின்னூட்டம் தணிகிறது. விலக்கும் விசை போய்விட, துகள்கள் மோதி ஒட்டித் திரளுகின்றன. பசும்பாலின் பிஎச் அளவு ஏறத்தாழ 6.7. அது 4.6-ஐ நெருங்கும்போது கேசின் பிரிந்துவிடும். சூடான பாலில் அவ்வளவு தூரம் இறங்க வேண்டியதில்லை, அதற்கு முன்பே திரிந்துவிடும். ரப்பர் பாலிலும் கதை இதுவேதான். ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரதமும் கொழுப்புச் சார்ந்த பொருளும் படர்ந்து, எதிர்மின்னூட்டத்தால் அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன. மரத்திலிருந்து இறங்கும்போது நடுநிலையை ஒட்டியிருக்கும் பால், ஆசிட் பட்டுப் பிஎச் 5 அளவுக்கு இறங்கும்போது கட்டுகிறது. தோட்டத்தில் ஊற்றியது ஃபார்மிக் அமிலம், அடுப்படியில் ஊற்றியது சிட்ரிக் அமிலம்.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. எடுக்காமல் விட்ட பால் மங்கிலேயே மறுநாள் கட்டிப்பாலாகிக் கிடக்கும், ஆசிட் ஊற்றாமலேயே. பாலில் புகுந்த பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கிவிடுகின்றன. காய்ச்சாமல் மறந்துபோன பசும்பால் புளித்துத் திரிவதும் பாக்டீரியாவின் வேலைதான். கட்டாமல் இருக்க ரப்பர் பாலில் அம்மோனியா கலந்தார்கள். வீட்டுப் பாலைக் காய்ச்சுகிறோம், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறோம். சுங்கை பட்டாணி சந்தையில் சீனர் விற்கும் தௌஃபூஃபாவும் சோயாப் பாலைக் கட்டவைத்ததுதான். அங்கே அமிலத்துக்குப் பதில் பெரும்பாலும் கால்சியம் உப்பு அந்த வேலையைச் செய்கிறது.

இவ்வளவையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நாம் தெரிந்துவைத்திருப்பது கேள்வி வரும்போது தடுமாறாமல் இருப்பதற்காக. பிள்ளை கற்பது, தான் நினைத்ததும் கண்ணெதிரே நடந்ததும் வேறுவேறாக இருந்த அந்த நொடியில். விளக்கத்தை முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்த நொடி பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது.

சமையல் ஏன் பிள்ளையின் அறிவுக்கு இவ்வளவு பொருந்துகிறது என்பதை விளக்க இரண்டு பழைய ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். 1940களில் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே, சின்னப் பிள்ளைகளிடம் அளவு பற்றிய கேள்விகளைக் கேட்டார். ஒரே அளவு தண்ணீரை அகலக் கிளாஸிலிருந்து ஒல்லியான உயரக் கிளாஸுக்கு மாற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை உயரமானதில்தான் கூட என்று சொல்லும். களிமண் உருண்டையைத் தட்டையாக்கினால் மண்ணே கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று சொல்லும். ஏறத்தாழ ஏழு வயதில்தான் வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்று பெரும்பாலான பிள்ளைகள் உறுதியாகச் சொல்கிறார்கள். சப்பாத்திக்கு உருண்டை பிடிக்கும் எந்த வீட்டிலும் இந்தச் சோதனை தானாகவே நடக்கிறது. இரண்டு சம உருண்டைகளில் ஒன்றைத் தேய்த்து விரித்ததும் "எனக்குப் பெரிசு!" என்று பிள்ளை விரித்ததைப் பிடுங்கும்.

1974-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்காரிகிலும் மார்கரெட் டொனால்ட்சனும் இந்த வகைச் சோதனையை மாற்றிச் செய்தார்கள். இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கினார்கள். ஆய்வாளர் தாமே ஒரு வரிசையைக் கலைத்துவிட்டுக் கேட்டபோது, நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தவறாகச் சொன்னார்கள். குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று ஓடிவந்து வரிசையைக் கலைத்துவிட்டதுபோலச் செய்தபோது, சரியாகச் சொன்னவர்கள் மிகவும் கூடிவிட்டார்கள். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், பதிலும் மாற வேண்டும்போல என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. நிலைமை பிள்ளைக்குப் பொருள் உள்ளதாக இருந்தால் அதன் சிந்தனை நாம் எண்ணியதைவிடத் தூரம் போகும் என்று டொனால்ட்சன் வாதிட்டார்.

அடுப்படியின் பலம் இங்கேதான் இருக்கிறது. பயிற்சித் தாளில் "எது அதிகம்?" என்று கேட்பது பிள்ளையைச் சோதிக்கும் கேள்வி. தம்பிக்கும் தனக்கும் தோசையைப் பங்கு போடும்போது வரும் "எது அதிகம்?" உண்மையான கேள்வி. அரிசி அளக்கப் பால் டின்னை வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. இரண்டு பேருக்கு ஒரு டின் என்றால் ஆறு பேருக்கு எத்தனை, பாட்டி வந்தால் இன்னும் எவ்வளவு என்று பிள்ளை டின்னும் கையுமாக யோசிக்கட்டும். தவறினால் சோறு பற்றாது, அல்லது மிஞ்சும். திருத்துவது சோறு, அம்மா அல்ல.

பொருளே பிழையைக் காட்ட வேண்டும் என்பது மரியா மாண்டிசோரி வலியுறுத்திய ஒன்று. 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர் அவர். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். தண்ணீர் ஊற்றுவது, பாத்திரம் கழுவுவது, தோல் உரிப்பது எல்லாம் அவர் முறையில் பாடங்கள். பிள்ளைக்கு உடையாத பொம்மைச் சாமான் தராமல் உண்மையான கண்ணாடியும் பீங்கானும் தந்தார். கவனம் தவறினால் உடையும், அதனால் கவனம் வளரும். உடைந்த கிளாஸைப் பொறுக்கப் பெரியவருக்குப் பொறுமை வேண்டும்தான். ஆனால் பிளாஸ்டிக் சமையல் செட்டு எத்தனை வாங்கிக் கொடுத்தாலும் அதில் பால் திரியப் போவதில்லை.

கெடா, மலேசியாவின் நெற்களஞ்சியம். மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்து, 1970களில் அந்தச் சமவெளி ஆண்டுக்கு இரண்டு போகம் விளையத் தொடங்கியது. அரிசி மாவிலேயே பிள்ளைக்கு ஓர் அருமையான பாடம் இருக்கிறது. கொழுக்கட்டைக்கு மாவு பிசையும் நாளில் இரண்டு கிண்ணம் எடுங்கள். ஒன்றில் அரிசி மாவும் பச்சைத் தண்ணீரும், இன்னொன்றில் அரிசி மாவும் கொதிநீரும். கொதிநீர் ஊற்றியதைக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே பிள்ளையிடம் தர வேண்டும். பச்சைத் தண்ணீர் மாவு உருட்டினால் விரிசல் விட்டு உதிரும். கொதிநீர் மாவு சொன்ன வடிவத்தில் நிற்கும். 70 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் அரிசியின் மாவுச்சத்து மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பசையாகின்றன. அந்தப் பசைதான் பிடிமானம். கோதுமை மாவுக்கு இந்தச் சூடு தேவையில்லை, அதன் குளூட்டன் புரதம் பச்சைத் தண்ணீரிலேயே வலைபோட்டுக்கொள்ளும். ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி விரிக்க முடிவதும், அதற்கு முன் உருண்டைகளை எண்ணெயில் நெடுநேரம் ஓய்வெடுக்க விடுவதும் இந்தக் குளூட்டனால்தான். விறைத்த வலை தளர நேரம் வேண்டும். மூன்று மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிள்ளிப் பார்க்கும் விரல்களுக்கு இந்த வேறுபாடு எந்தப் படத்தையும்விடத் தெளிவாகப் புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது தோசை மாவுச் சோதனை. அரைத்த மாவை உப்புப் போட்டுக் கரைத்ததும் இரண்டு கண்ணாடிச் சாடிகளில் பாதிப் பாதி ஊற்றுங்கள். மாவு நிற்கும் மட்டத்தில் பிள்ளை மார்க்கர் பேனாவால் கோடு போடட்டும். ஒன்று மேசைமேல், ஒன்று குளிர்சாதனப் பெட்டிக்குள். காலையில் எழுந்ததும் முதல் வேலை, பல் துலக்குவதற்கும் முன்னால், இரண்டையும் பார்ப்பது. மேசைமேல் இருந்தது கோட்டைத் தாண்டி எழும்பியிருக்கும், பக்கவாட்டில் குமிழிகள் தெரியும், மூடியைத் திறந்தால் புளித்த மணம் வரும். உள்ளே இருந்தது கோட்டிலேயே நிற்கும். ஒரே மாவு, ஒரே மாதிரிச் சாடி, ஒரே இரவு, மாறியது சூடு மட்டும். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மாறாமல் வைத்துப் பார்ப்பது ஆய்வுக்கூடத்தின் அடிப்படை ஒழுங்கு, அதை ஐந்து வயதில் ஒரு பிள்ளை தன் கோட்டால் செய்துவிடுகிறது.

மாவை எழுப்புவது உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றில் முக்கியமானது லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா. அது அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது, உளுந்தின் வழுவழுப்பான பொருள்கள் அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கின்றன. கெடாவில் இரவும் குளிராததால் ஒரே ராத்திரியில் மாவு பொங்கிவிடும். காத்திருப்பதும் இதில் ஒரு பாடம். கைப்பேசியில் தொட்டவுடன் எல்லாம் நடந்துவிடும் வயதுப் பிள்ளைக்கு, அவசரப்படுத்த முடியாத ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. மலாய்க் கம்பங்களில் ரப்பர் இலையில் பொதிந்து செய்யும் தாப்பாய் புலுட் என்ற புளித்த அரிசிப் பண்டம் இன்னும் நீண்ட காத்திருப்பு கேட்கும். வெந்த புலுட் அரிசி நன்றாக ஆறிய பிறகே பூஞ்சையும் ஈஸ்டும் அடங்கிய மாவு உருண்டையைப் பொடித்துத் தூவுவார்கள், சூட்டில் தூவினால் அவை செத்துவிடும். மாவுச்சத்து முதலில் சர்க்கரையாகி, பிறகு சாராயமாகிறது. ஆகையால் அதைச் சின்னப் பிள்ளைக்குச் சாப்பிடத் தராமல் முகர்ந்து பார்க்க மட்டும் விடலாம்.

நிறப்பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். வேலியோரச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பிழிந்தால் ஊதா, இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பு. மஞ்சள் கரைத்த நீரில் ஆப்பச்சோடா போட்டால் பழுப்புச் சிவப்பு. ஆரத்தித் தட்டின் சிவப்பும் இப்படித்தான் வருகிறது. ஆனால் அதற்கு வேண்டிய சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் பிள்ளை கையில் வேண்டாம், சோடாவே போதும்.

சமைக்கும் பிள்ளை காய்கறி சாப்பிடுமா என்பது பல தாய்மார்களின் கேள்வி. 1982-இல் அமெரிக்காவில் லியான் பர்ச்சும் மார்லினும் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், சிலவற்றை 2 தடவை, சிலவற்றை 20 தடவை வரை. அதிகத் தடவை சுவைத்த உணவே அதிகம் பிடித்தது. கங்கோங் கீரையைப் பிள்ளை ஒருமுறை தள்ளிவிட்டால் அதோடு கதை முடிந்துவிடவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. 2014-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், பெற்றோரோடு சேர்ந்து சமைத்த 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் சாலட்டைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கோழியையும்தான், மொத்தத்தில் உணவே கூடியது. பங்கெடுத்தவர்கள் 47 பிள்ளைகள், நடத்தியது நெஸ்லே நிறுவனத்தின் ஆய்வு மையம். ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக முடியாது. கீரையைக் கிள்ளி, மோந்து, அலசிய பிள்ளைக்குத் தட்டில் அது அந்நியமாக இல்லை என்பதுவரை நான் ஏற்கிறேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தோட்டப்புறத்தில் பிள்ளைகள் சமைக்கத்தான் செய்தார்கள். அம்மா விடியுமுன் பால்வெட்டுக்குப் போய்விட, கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் இருக்க, மூத்த பெண் பிள்ளை அடுப்பு மூட்டித் தம்பி தங்கைகளைப் பசியாற வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடியது, அல்லது பள்ளிக்கே போகாமல் நின்றது, பல குடும்பங்களின் வரலாறு. அதைக் கல்வி என்று புகழ்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். அந்தச் சிறுமிக்குப் பக்கத்தில் நின்று "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று கேட்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. தோற்றாலும் பரவாயில்லை என்ற சலுகையும் இல்லை. வேலை சுமையாவதும் கற்றலாவதும் இந்த மூன்றைப் பொறுத்துத்தான். அக்காமார் புகையில் நின்ற அதே வீட்டில் ஆண் பிள்ளைகள் அடுப்படிப் பக்கம் வராமல் வளர்ந்தார்கள். இன்றைக்கு எலுமிச்சை பிழியவும் மாவு பிசையவும் முதலில் மகனைக் கூப்பிடுங்கள் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் இன்றைக்கும் இலேசில் கிடைப்பதில்லை. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஷிஃப்டு பார்த்துவிட்டு வரும் பெற்றோரிடம் தினமும் பிள்ளையோடு சமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஓய்வு நாளில் இருபது நிமிடம், ஒரே ஒரு வேலை: உளுந்து களைவது, பட்டாணி உரிப்பது, புட்டு மாவில் தேங்காய்ப்பூ தூவுவது. அதற்கு மேல் ஒரு தொடக்கத்துக்கு வேண்டியதில்லை.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிள்ளையின் தோல் மெல்லியது, 60 பாகை வெந்நீரே சில நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். கொதிக்கும் எண்ணெயும் ஆவியும் இருக்கும் இடத்தில் பிள்ளைக்கு வேலையே கொடுக்காதீர்கள். அடுப்பு அணைந்த பிறகுதான் பிள்ளையின் நேரம். பாத்திரக் கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கட்டும், கெட்டிலின் வயர் தொங்கக்கூடாது. வாழைப்பழம், வெந்த உருளைக்கிழங்கு போன்றவற்றை மழுங்கிய கத்தியால் வெட்டப் பழகட்டும், அரிவாள்மனை பிறகு பார்த்துக்கொள்ளலாம். முழு நிலக்கடலை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையில் சிக்கும். சுட்டுவிட்டால் சுட்ட இடத்தின் மேல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள், பற்பசையும் கிச்சாப்பும் தடவும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

வீட்டில் ஸ்டோர் வேலை பார்த்த தாத்தா இருந்தால், பிள்ளையின் சமையலறை ஆசிரியர் அவராகவே இருக்கலாம். மெட்ரோலாக்கைப் பற்றிக் கேளுங்கள். பாலில் ரப்பர் எவ்வளவு, யாராவது தண்ணீர் கலந்தார்களா என்று பார்க்க மிதக்கவிடும் கருவி அது. அதே தத்துவத்தைப் பிள்ளை ஒரு முட்டையால் செய்து பார்க்கலாம். கிளாஸ் தண்ணீரில் பச்சை முட்டை அடியில் போய் உட்காரும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்தால் எழும்பி மிதக்கும், ஏனென்றால் உப்புத் தண்ணீர் முட்டையைவிட அடர்த்தியாகிவிட்டது. அங்கிருந்து பேரன் தாத்தாவிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. பசும்பாலில் தண்ணீர் கலந்தால் பால்மானி முன்பைவிட ஆழமாக இறங்குகிறது, ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் மேலே எழும்புகிறது. ஏன் இப்படித் தலைகீழ்? பசும்பாலின் புரதமும் சர்க்கரையும் தாது உப்பும் சேர்ந்து அதைத் தண்ணீரைவிட அடர்த்தியாக்குகின்றன, அதனால் தண்ணீர் சேரச் சேர அடர்த்தி குறைகிறது. ரப்பரோ தண்ணீரைவிட லேசானது. ரப்பர் நிறைந்த பாலில் கருவி ஆழமாக இறங்கும், தண்ணீர் கூடினால் பாலின் அடர்த்தியும் கூடிக் கருவியை மேலே தள்ளும்.